ராகு காலத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பது வெள்ளி

இரும்பு அலமாரியிலிருந்து வழக்குக் கோப்பு ஒன்றை எடுத்தால் கலாதேவி அக்கா நேரே வழக்கறிஞரின் அறைக்குப் போகமாட்டார். நடுவில் சுவரோரம் நிற்பார். அங்கே ஓர் ஆணியில் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. அதே ஆணியில் சணல் கயிற்றில் கட்டிய பேனா ஒன்றும் தொங்குகிறது. கோப்பை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றி, அன்றைய தேதியின் பெரிய எண்ணைச் சுற்றியுள்ள வெள்ளை இடத்தில் பொடி எழுத்தில் எழுதுவார்: யாருடைய கோப்பு, எத்தனை மணிக்கு வெளியே போகிறது. அது திரும்பி வந்ததும் பக்கத்திலேயே ஒரு சின்னக் கோடு, மறுபடியும் மணி. மாலை ஐந்தரைக்குத் தாளின் இரண்டு மேல் மூலைகளையும் பிடித்து, விளிம்பில் பிசிறு தெரியாமல் ஒரே இழுப்பில் கிழிப்பார். உள்ளங்கையால் ஒரு தடவை நீவிவிட்டு, செருப்புக் கடை அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடுவார். அன்றைய பகலை அடக்கம் செய்வதுபோல் இருக்கும்.

வழக்கறிஞர் ஷாஹித் தன் அறையின் கண்ணாடிக் கதவு வழியாக ஆறு வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிலருக்கு நகம் கடிப்பது, சிலருக்குக் காலாட்டுவது, அக்காவுக்கு இது என்று நினைத்திருந்தான்.

கலாதேவிக்கு ஐம்பத்தாறு வயது. சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் மகள். அந்தத் தோட்டம் இப்போது மேட்டில் வீடமைப்பும் பள்ளத்தில் செம்பனையுமாகக் கிடக்கிறது. "ஒரு நடை போய்ப் பாத்துட்டு வரலியாக்கா?" என்று யாராவது கேட்டால், "அங்க எனக்கு என்ன இருக்கு? கொசு இருந்திச்சு. அது இங்கயுந்தான் இருக்கு" என்பார்.

தோட்டத்தில் கிராணி என்றால் பேர் பதிகிறவர். அவர் எழுதாவிட்டால் வெட்டிய மரமும் வெட்டாத மரம்தான், வந்த ஆளும் வராத ஆள்தான். தொழிலாளி வீட்டுப் பிள்ளை அந்த மேசைப் பக்கம் நிழல்கூட விழவிடாது. கலாதேவி பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் முடித்து, ஈப்போவில் தட்டச்சு படித்து, வழக்கறிஞர் அலுவலகத்தில் சேர்ந்த முதல் நாள் அவருக்குக் கொடுத்த வேலையின் பெயரும் கிராணிதான். அப்போது நிமிர்ந்த முதுகு முப்பத்தொரு வருடமாக வளையவில்லை. முதல் வழக்கறிஞர் காலமானார். இரண்டாமவர் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். மூன்றாவது ஆள் ஷாஹித். "நீங்க எந்தப் பக்கம் போவீங்கன்னு தெரியல தம்பி, ஆனா ஃபைல ஒழுங்கா திருப்பிக் குடுத்துட்டுப் போங்க" என்று சேர்ந்த வாரமே சொல்லிவிட்டார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களுக்கு ஒரே பதில்: "ஃபைலத் தேடவே நேரம் பத்தல, இதுல மாப்பிள்ளைய எங்க தேட?"

அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேல்மாடி. மழை நாளில் ரப்பர் வாடை படியேறி வரும். அக்கா மூக்கைச் சுளித்துக்கொண்டு, "இதுக்குத் தப்பிச்சுத்தான் பட்டணம் வந்தேன்" என்று ஊதுபத்தி கொளுத்துவார். இரண்டு அறை, மூன்று மேசை, நான்கு நாற்காலி. நான்காவது நாற்காலியில் மூன்று வருடமாக அதிகம் உட்கார்ந்தவர் பத்துமலை. உட்கார்ந்தவர் என்பதுகூடச் சரியில்லை. சாய்ந்தும் நின்றும் உட்கார்ந்தும் முதுகோடு பேரம் பேசிக்கொண்டிருந்தவர்.

பத்துமலைக்கு நாற்பத்தாறு வயது. தோட்டத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலைக்கு மூட்டை ஏற்றப் போனவர். இருபத்தொரு வருடம் ஏற்றினார். ஒருநாள் மூட்டை ஏறியது, அவர் நிமிரவில்லை. முதுகெலும்பில் மூன்று இடத்தில் பிசகு. அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. உடல் இயலாதவர்களுக்கு அரசாங்கம் தரும் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தார். இலாகா, 'இந்த முதுகு சின்ன வயதிலிருந்தே கோணல், வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று எழுதி அனுப்பியது.

"என் முதுகப் பத்தி எங்கம்மாவுக்கே இவ்ளோ தெரியாது லோயர்" என்றார் பத்துமலை, அந்தக் கடிதத்தை நீட்டி.

"ஒங்ககிட்டேர்ந்து ஒரு காசு வாங்கமாட்டேண்ணே" என்று ஷாஹித் அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லிவிட்டான். இளம் வழக்கறிஞர்கள் இப்படிச் சொல்வதுண்டு. சொல்லும்போது நன்றாகவும் இருக்கும்.

வழக்கு மூன்று வருடம் இழுத்தது. கடைசியில் அதைத் திருப்பியது உள்ளங்கை அகலத்தில் ஒரு மஞ்சள் அட்டை. தோட்டத்து மருந்தகத்தில், பத்துமலைக்குப் பதினெட்டு வயதானபோது எடுத்த உடல் பரிசோதனை: உயரம், எடை, 'முதுகு நேர், பளு தூக்கத் தகுதி', கீழே டிரெசரின் கையெழுத்து. தோட்டத்தில் மருந்து கட்டுகிறவரை டிரெசர் என்பார்கள். பத்துமலை ஒருநாள் ரம்புத்தான் பழப் பையோடு சேர்த்து அந்த அட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "வீட்ல கெடந்திச்சு லோயர், ஒதவுமா பாருங்க."

உதவியது. உயர் நீதிமன்றம் ஓய்வூதியத்தைக் கொடுக்கச் சொன்னது. அதோடு, பத்துமலையின் வழக்குச் செலவையும், அதாவது வழக்கறிஞரின் கூலியையும், இலாகாவே ஏற்க வேண்டும் என்றது. எவ்வளவு என்பதில் இருதரப்பும் ஒத்துப்போகாவிட்டால் நீதிமன்றப் பதிவதிகாரி முடிவு செய்வார்.

இலாகா இரண்டாயிரம் வெள்ளி தருகிறேன் என்றது. மூன்று வருடத்துக்கு இரண்டாயிரம்.

இந்த இடத்தில் ஷாஹித்தின் அப்பா முத்து முகம்மதைச் சொல்லியாக வேண்டும். ஈப்போவில் மூன்று அடுப்பு எரியும் நாசி கண்டார் கடைக்காரர், சோறும் கறியும் விற்கிறவர். மகனுடைய அலுவலக வாடகையை ஏழு மாதமாக அவர்தான் கட்டிவந்தார். கட்டும்போதெல்லாம் ஒரு வார்த்தை சேர்த்தே கட்டுவார்.

"கேஸு ஜெயிச்சிட்டேன் ஜெயிச்சிட்டேன்னு ஊரெல்லாம் சொல்ற. காசு எங்கடா?"

"வரும் அத்தா. செலவுத் தொகை கோர்ட்டு நிர்ணயம் பண்ணணும்."

"நான் ஒரு ரொட்டிக்கு நிர்ணயம் பண்ண எவ்ளோ நேரம் ஆவுது? சாப்ட்டவன் எந்திரிக்கும் முன்ன சொல்லிடுறேன்லா." அவர் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினால் முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம். "இந்தா பாரு, நோன்பு பிறைக்குள்ள அந்தக் காசு வரணும். ரெண்டாயிரத்துக்குத் தலையாட்டிட்டு வந்தீன்னா, மேமாடிச் சாவியக் குடுத்துட்டு நேரா கல்லாவுல வந்து குந்து."

"அப்ப நானு?" என்றார் கலாதேவி. வாடகை ரசீது வாங்க வந்து நின்றவர்.

"ஒன்னய விடுவேனா கலா? ரொட்டி ஆர்டர் எழுத ஆள் இல்ல இங்க."

"ரொட்டி எழுதவா முப்பத்தொரு வருஷம் கிராணி வேல பாத்தேன்? போங்கண்ணே" என்று சிரித்தார். ஆனால் படியிறங்கும்போது கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார் என்பதை ஷாஹித் கவனித்தான். அந்த வயதில், அந்தக் காலண்டரோடும் அந்தப் பேனாவோடும் அவரை வேலைக்கு எடுக்க ஈப்போவில் நான்காவது வழக்கறிஞர் இல்லை.

செலவுப் பட்டியல் என்றால், செய்த ஒவ்வொரு வேலைக்கும் தேதி, நேரம், தொகை. ஷாஹித் ஒரு சனி ஞாயிறு முழுக்க உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதினான். ஞாபகம் எல்லாருக்கும் போலவே அவனுக்கும் அவன் பக்கமாகவே சாய்ந்தது. செவ்வாய் மூன்று முதல் நாலரை, வாதுரை தயாரிப்பு. வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு, மருத்துவ அறிக்கை வாசிப்பு. அந்த நேரங்களில் மேசையில் தலை கவிழ்ந்து உழைத்தது அவனுக்குக் கண்ணில் நின்றது. மொத்தம் அறுபத்திரண்டு மணி நேரம். மணிக்கு முந்நூறு வெள்ளி. பதினெட்டாயிரத்து அறுநூறு.

திங்கட்கிழமை அக்கா, "அனுப்புறதுக்கு முன்ன நான் ஒருக்கா பாக்கட்டுமா தம்பி?" என்றார்.

"நான் லோயரா, நீங்க லோயரா?" என்றான் ஷாஹித் விளையாட்டாக. பட்டியல் போய்விட்டது.

இரண்டு வாரத்தில் இலாகாவின் வழக்கறிஞரிடமிருந்து ஆட்சேபம் வந்தது. ஷர்மினி என்று கையெழுத்து. இந்த நேரங்களுக்கு ஆதாரம் என்ன, அன்றன்று எழுதி வைத்த குறிப்பு உண்டா, இல்லையென்றால் இரண்டாயிரத்துக்கு மேல் ஒரு வெள்ளியும் தகாது.

குறிப்பு இல்லை. ஷாஹித் இரண்டு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தான். மூன்றாம் நாள் தண்ணீரில் மூழ்குகிறவன் கேட்பதுபோல் கேட்டான்.

"அக்கா, பத்துமலை ஃபைல எந்தெந்த நாள்ல எடுத்தோம்னு ஏதாச்சும் இருக்கா?"

கலாதேவி, கூரை இருக்கிறதா என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அலமாரிக்கு மேலிருந்து மூன்று செருப்புப் பெட்டிகளை இறக்கினார். வருடத்துக்கு ஒன்று. தேதி அச்சடித்த தாள்கள். அச்சடித்த தேதியை யாரும் பின்னால் மாற்றி எழுத முடியாது. ஷாஹித்துக்குக் கண் கலங்கியது.

"இத ஏங்க்கா மொதல்லயே சொல்லல?"

"பட்டியலப் பாக்கவான்னு கேட்டேன்ல. நான் லோயரான்னு கேட்டீங்க. இல்லன்னு சும்மா இருந்துட்டேன்."

"போதுங்க்கா, குத்தாதீங்க."

"ஆனா தம்பி, ஒங்க பட்டியல்ல சில நேரம் என் தாளோட ஒத்து வராது..."

"கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்லா. இந்தப் பொடி எழுத்த யாரு படிக்கப் போறா?"

அக்கா பத்துமலையின் பெயர் வரும் தொண்ணூற்றேழு தாள்களை நகலெடுத்து, 'இவை என் கையெழுத்து, அன்றன்றே எழுதியவை' என்று சத்தியம் செய்து கையொப்பமிட்டுக் கொடுத்தார்.

விசாரணை ஒரு வியாழக்கிழமை, காலை பதினொன்றரை. பதிவதிகாரி ஐம்பது வயதுச் சீனப் பெண்மணி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படிக்கிறவர். மேசைக்கு இந்தப் பக்கம் ஷாஹித், பின்னால் கலாதேவி. அந்தப் பக்கம் ஷர்மினி. முப்பதைத் தொடாத பெண். அவளிடமிருந்த நகல்களின் ஓரத்தில் நிறநிறமாக ஒட்டுத் தாள்கள் முளைத்திருந்தன. பொடி எழுத்தைப் படிக்க ஓர் ஆள் பிறந்திருக்கிறாள் என்று ஷாஹித்துக்கு அப்போதுதான் தெரிந்தது.

எல்லாம் மலாயில் நடந்தது. பதிவதிகாரியை 'புவான்', அதாவது அம்மணி, என்றார்கள். ஷர்மினியின் மலாய் எங்கும் வழுக்கவில்லை.

"புவான், பட்டியலில் ஏழாவது வரி. செவ்வாய், மூன்று முதல் நாலரை வரை வாதுரை தயாரித்ததாக இருக்கிறது. அன்றைய தாளில் கோப்பு இரண்டு ஐம்பத்தைந்துக்கு உள்ளே போய்விட்டது. மறுபடி வெளியே வந்தது நாலு முப்பத்தைந்துக்கு. பதினான்காவது வரி, வெள்ளி, பத்தரை முதல் பன்னிரண்டு. கோப்பு பத்து இருபத்தைந்துக்கு உள்ளே. இப்படி ஆறு இடம். நான் தொண்ணூற்றேழு தாளையும் பார்த்தேன். செவ்வாய் மூன்றுக்கும் நாலரைக்கும் நடுவில், வெள்ளி பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில், இந்தக் கோப்பு மூன்று வருடத்தில் ஒருமுறைகூட அலமாரியை விட்டு வெளியே வரவில்லை."

பதிவதிகாரி கண்ணாடியை இறக்கினார். "ஒருமுறைகூட?"

"ஒருமுறைகூட. புதன், வியாழனுக்கும் இப்படி ஒன்றரை மணி நேரம் உண்டு. திங்கட்கிழமை மட்டும் இல்லை." ஷர்மினி ஒரு கணம் நிறுத்தினாள். "தாளின் அடியில் சிவப்பு மையில் ஒரு வரி அச்சாகியிருக்கிறது. அது என்னவென்று கிராணியையே கேட்கலாம்."

கலாதேவி எழுந்து நின்றார்.

"ராகு காலம், புவான்."

"அது என்ன?"

"தினமும் ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது. திங்கள்கிழமை ஏழரைக்கு வந்து ஒன்பதுக்குப் போய்விடும். நாங்கள் கதவைத் திறப்பதே ஒன்பதுக்கு."

"அதனால் கோப்பை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவீர்கள். வழக்கறிஞர் சொல்லியா?"

"அவருக்குத் தெரியாது. இந்த நிமிடம் வரைக்கும் தெரியாது." அக்கா ஷாஹித்தின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. "அவர் முஸ்லிம், புவான். அவருக்கு ராகு கிடையாது. ஆனால் கோப்பு பத்துமலையுடையது. பத்துமலைக்கு உண்டு."

"அவர் கோப்பைக் கேட்டால்?"

"சாவியை வீட்டில் வைத்துவிட்டேன் என்பேன். நகலெடுக்கும் கடையில் இருக்கிறது என்பேன். அலமாரி இறுகிக்கொண்டது என்பேன். வங்கிக் கடன் பத்திரம் ஏதாவது கொடுத்து உட்கார வைத்துவிடுவேன். வங்கிக்கு ராகு ஒன்றும் செய்யாது."

மூன்று வருடத்துச் செவ்வாய்க்கிழமைகள் ஷாஹித்தின் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. அந்த அலமாரிக்காக அவன் இரண்டு தடவை பூட்டுக்காரரை அழைத்து வந்திருக்கிறான். பூட்டுக்காரர் இரண்டு தடவையும் தட்டிப் பார்த்து, பூட்டில் குறையில்லை என்று சொல்லி முப்பது முப்பது வெள்ளி வாங்கிப் போயிருக்கிறார். அக்கா அவருக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்தார். தலை கவிழ்ந்து உழைத்ததாக ஞாபகம் இருந்ததே, அது வீட்டுக் கடன் பத்திரம்!

"ஆக, பட்டியல் பொய்" என்றாள் ஷர்மினி. "ஆறு வரி பொய்யென்றால் மற்றதை எப்படி நம்புவது? முழுப் பட்டியலையும் தள்ள வேண்டும், புவான்."

ஷாஹித் எழுந்தான். அவன் கண் முன்னால் கல்லாப்பெட்டியின் மேல் இருக்கும் பல்குச்சி டப்பா வந்து போனது. "ஞாபகத்திலிருந்து எழுதினேன், புவான். என் ஞாபகம் தவறு. அந்த ஆறு வரியையும் எடுத்துக்கொள்கிறேன்" என்றான்.

பதிவதிகாரி அவனை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார். "இந்தத் தாள்களைக் காட்டினால் உங்கள் முதலாளிக்குக் காசு குறையும் என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும், புவான்."

"பிறகு ஏன் கொடுத்தீர்கள்?"

"எழுதினது எழுதினதுதானே. வேண்டிய தாளைக் கொடுத்து வேண்டாததை மறைத்தால் நான் கிராணி இல்லை."

பதிவதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். சிரிப்பை அடக்குகிறாரா, தும்மலையா என்று சொல்ல முடியவில்லை. "என் அம்மா வீட்டில் ஒரு சிவப்பு அட்டைப் பஞ்சாங்கம் இருக்கிறது. அதைப் பார்க்காமல் முடி வெட்டிக்கொள்ளக்கூட மாட்டார்" என்றார். பிறகு குரல் மாறியது. பேனா எழுதத் தொடங்கியது. "சொந்த முதலாளியிடமே மூன்று வருடம் கோப்பை ஒளித்த ஒருவர், அவருக்காக மணி நேரத்தைக் கூட்டி எழுதுவார் என்று என்னால் நம்ப முடியவில்லை. தாளில் இருப்பது நடந்தது. தாளில் இல்லாத எட்டரை மணி நேரத்தைக் கழிக்கிறேன். இரண்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பது. மீதி பதினாறாயிரத்து ஐம்பது வெள்ளியை இலாகா பதினான்கு நாளில் கட்ட வேண்டும்."

சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். பன்னிரண்டு நாற்பது. "இன்றைக்கு எத்தனை மணிக்கு?"

"ஒன்றரைக்கு, புவான்."

"முந்திக்கொண்டோம்" என்று முத்திரையைக் குத்தினார்.

தாழ்வாரத்தில் ஷர்மினி பின்னாலேயே ஓடி வந்தாள். வெளியே வந்ததும் அவளுடைய மொழியும் செருப்பு மாற்றிக்கொண்டது.

"அக்கா, கோவிச்சிக்காதீங்க. தாப்பா ஊர்ல எங்கம்மா வீட்லயும் அதே காலண்டர்தான். நேரத்தப் பாத்ததுமே புரிஞ்சிருச்சு. கேக்காம இருக்க முடியல, என் வேல அது."

"ஒன் வேலைய நல்லாத்தான் பாத்த. மூணு வருஷமா இவருக்குத் தெரியல, ஒனக்கு மூணு நாள்ல தெரிஞ்சிருச்சு." அக்கா அவள் கன்னத்தைத் தொட்டார். "ஆனா அந்த ஆட்சேப மனுவ வெள்ளிக்கிழம பதினோரு மணிக்கா கொண்டுபோய்க் குடுப்ப? முத்திரையில நேரம் இருந்திச்சு. அன்னைக்கே நெனச்சேன், இந்தப் பொண்ணு தோக்கும்னு."

"அலாமா!" என்று ஷர்மினி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்கக்கா."

கார் நிறுத்துமிடத்தில் ஷாஹித் அக்காவுக்குக் கதவைத் திறந்துவிட்டுத்தான் கேட்டான்.

"நகலெடுக்கிற கடையிலயா இருந்திச்சு ஃபைலு?"

"ஒரு தடவ நெசமாவே இருந்திச்சு தம்பி."

"பூட்டுக்காரருக்கு அறுபது வெள்ளி குடுத்தேன்."

"அத ரெண்டு தடவையும் தாள்ல எழுதி வச்சிருக்கேன். பட்டியல்ல சேக்கத்தான் பாக்கக் கேட்டேன்."

பணம் பன்னிரண்டாம் நாள் வங்கியில் ஏறியது. பிறை தெரிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. முத்து முகம்மது மகனின் கைப்பேசியை வாங்கித் தூரப்பிடித்து, கிட்டப்பிடித்து, தொகையை இரண்டு தடவை படித்தார். அதுவரை கட்டிய வாடகையையெல்லாம் எடுத்துக்கொண்டார். சாவியைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் கதையைக் கேட்டதும், கழிந்துபோன தொகை அவருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

"ஒன்றரை மணி நேரத்துக்கு அலமாரியப் பூட்டுறதா? வெள்ளிக்கெழம பத்தரைக்கு நான் கறி தாளிக்கலன்னா ஜும்மா விட்டு வர்ற ஜனம் எதத் திங்கும்? ரெண்டாயிரத்து ஐந்நூத்தம்பது வெள்ளிடா! அந்த ராகு எங்க இருக்கான், கூப்புடு, பாத்திரம் கழுவட்டும்."

அடுத்த புதன்கிழமை பத்துமலை கடைக்கு வந்தார். ஓய்வூதியத்தில் வாங்கிய புதுக் கைத்தடி, பழைய சிரிப்பு. தூணோரமாக முதுகைச் சாய்த்து நின்றுகொண்டே தே தாரிக் என்னும் ஆற்றிய தேநீரைக் குடித்தார். ஷாஹித் எதிரில் பசியாறிக்கொண்டிருந்தான்.

"எட்டரை மணி நேரத்த வெட்டிட்டாங்களாமே லோயர்? அந்த நேரத்துல எனக்காக ஒரு வேலையும் நடக்கலன்னு?"

"நடக்கலதான்ணே. ஃபைலு பூட்டிக் கெடந்திச்சு."

பத்துமலை சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சிந்தியது. "ஃபைலுதான பூட்டிக் கெடந்திச்சு. அக்கா வாயையுமா பூட்டி வச்சிருந்திச்சு?"

"என்னண்ணே சொல்றீங்க?"

"ராகு காலம் ஆனா அக்கா போன எடுத்துக்கிட்டு மாடிப்படிக்கு வந்துரும். என்னயப் புடிச்சி வறுக்கும்: அந்தக் கடுதாசி எங்க, இந்த எக்ஸ்ரே எங்கன்னு. அப்பறம் தொழிற்சாலைக்குப் போடும். இலாகாவுக்குப் போடும். நான் கேட்டேன், ஏங்க்கா, ராகு காலத்துல பண்ணலாமான்னு. நல்ல காரியந்தான் தொடங்கக் கூடாதாம். திட்றதுக்கு அதவிடத் தோதான நேரம் கெடையாதுன்னிச்சு. ஆனா அந்த நேரத்துல பேசினத எங்கயும் எழுதக் கூடாதாம்லா, எழுதினா ராகு ஒட்டிக்குமாம்."

ஷாஹித் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தான்.

மஞ்சள் அட்டை பத்துமலையின் வீட்டில் கிடக்கவே இல்லை. ராகு காலத்தில் தேடியது எழுத்தில் ஏறக் கூடாதென்று அக்காதான் அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தார். தோட்டத்தை விற்ற கம்பெனியைக் கூப்பிட்டு, வாங்கிய கம்பெனியைக் கூப்பிட்டு, மூடிய மருந்தகத்தின் சாமான்கள் போன திசையை விசாரித்து, கடைசியில் அவர் கண்டுபிடித்தது கோலா கங்சாரில் மகள் வீட்டில் இருந்த பழைய டிரெசர் அர்ச்சுனனை. பழைய அட்டைகளெல்லாம் அவர் வீட்டுப் பரணில் இருந்தன. ஏறித் தேட முடியாது, கண் தெரியவில்லை, கால் வலிக்கிறது என்று அவர் சாக்குச் சொன்னார். அக்கா அவரைப் பதினொரு புதன்கிழமை கூப்பிட்டார். புதன்கிழமை ராகு காலம் பகல் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை. அர்ச்சுனன் சோற்றுக்கு உட்காருவது பன்னிரண்டேகாலுக்கு.

பன்னிரண்டாவது புதன்கிழமை வருவதற்குள் அவரே பத்துமலையை வரவழைத்து, அட்டையைக் கையில் திணித்து, "இத எடுத்துக்கிட்டுப் போயி அந்தப் பொம்பளகிட்ட குடு. இனிமேலாச்சும் நான் ஒரு வா சோறு சூடாத் திங்கணும்" என்றாராம்.